பதினாலு செகண்ட்

பதினோரு மணிக்கு வருவதாக டைரக்டர் சொல்லியிருந்தார். ஒன்பது மணியிலிருந்தே அவன் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைப்பான், மணி பார்ப்பான், மறுபடி துடைப்பான். துடைக்க அதில் பொட்டுத் தூசி மிச்சமில்லை.

"விடுங்க மாப்ள. இன்னும் தேச்சா மேல இருக்கிற எழுத்தெல்லாம் கையோட வந்துடும்," என்றார் மச்சான்.

மச்சான் அவன் மனைவியின் அண்ணன். பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர். இன்று கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். நடக்கப்போகும் பொய்யில் பாதிப் பங்கு அவருடையது.

அந்த மெஷின் ஒரு சாம்ப்ளர். மைக் வழியாக ஒரு சத்தத்தைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். பொத்தானைத் தட்டினால் அதையே திருப்பித் தரும். சாம்பல் நிறப் பெட்டி, எட்டுப் பொத்தான், இரண்டு வரி எழுத்து காட்டும் சின்னத் திரை, ஃபிளாப்பி டிஸ்க் போட ஒரு வாய். அவனைவிட நாலு வயது மூத்தது. மொத்த ஞாபகசக்தியே பத்து செகண்ட்தான்.

அந்தப் பத்து செகண்டுக்குள் அவன் மனைவி குடித்தனம் நடத்தினாள். லிஃப்ட் கதவு சாத்துவது, தையல் மெஷின், பென்சில் சீவுவது, குடை விரிவது. எல்லாவற்றையும் அரை செகண்ட், கால் செகண்டாக நறுக்கி உள்ளே திணித்து, அதிலிருந்து படங்களுக்கு இசை எடுப்பாள். அதே அறையின் எதிர் மூலையில் அவன் லேப்டாப்போடு உட்கார்ந்து, அவள் கொடுத்ததைச் சுத்தம் செய்து மிக்ஸ் பண்ணித் தருவான்.

"உன் பெட்டியில பத்து செகண்ட். என் பெட்டியில பத்து வருஷத்துக்கு இடம் இருக்கு," என்று வம்புக்கு இழுப்பான்.

"அதான் நீ எதையும் தூக்கிப் போட மாட்டேங்கிற," என்பாள், திரும்பாமலே.

ஏழு மாதத்துக்கு முன் ஐந்து நாள் காய்ச்சலில் இறந்துபோனாள். அவன் அழவில்லை. கல்லு மாதிரி நிக்கிறான் பாரு என்று உறவுக்காரர்கள் அவன் காதுபடவே பேசினார்கள். தப்பாகச் சொல்லவில்லை. அவனுக்கும் அப்படித்தான் இருந்தது.

காய்ச்சலுக்கு முந்தின வாரம் அவள் டைரக்டருடன் போனில் பேசியதை அவன் கேட்டிருந்தான். "கிளைமாக்ஸ் முடிஞ்சிருச்சு சார். டிஸ்க்ல இருக்கு. மிக்ஸ் மட்டும்தான் பாக்கி." டிஸ்க்கும் இருந்தது. முப்பத்தியோரு ஃபிளாப்பிகளை அடுக்கிய டப்பாவில் கடைசியாக ஒரு நீலம். மேலே அவள் கையெழுத்தில், கிளைமாக்ஸ்.

மூன்றாம் மாதம் டைரக்டர் அந்தக் கிளைமாக்ஸ் இசையைக் கேட்டார். அவன் மெஷினின் ஒயரைச் சுவரில் செருகி ஸ்விட்சைப் போட்டான். பட் என்று ஒரு சத்தம். லேசான கருகல் வாசனை. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. அது வெளிநாட்டுப் பெட்டி. வீட்டுக் கரண்டில் பாதியைத்தான் தாங்கும். கரண்டைக் குறைத்துக் கொடுக்க நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அவள் அதில்தான் செருகுவாள். இழவு வீட்டில் யாரோ அறையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று அதைத் தூக்கிக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். கனமான இரும்புப் பெட்டி, முட்டுக்கு வசதி. இன்னும் அங்கேயேதான் இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் அவன் உள்ளே வந்தான், வெளியே போனான்.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. மச்சானிடம்கூட, "பழசு. தானா நின்னுடுச்சு" என்றுதான் சொன்னான். ரிப்பேருக்கும் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஒரு ஆள் திறந்து பார்ப்பான். பார்த்துவிட்டு, நீங்கதான் சார் கொன்னுட்டீங்க என்பான். அந்த வாக்கியத்தைக் கேட்க அவனுக்குத் தெம்பு இல்லை.

பதினெட்டு நாள் உட்கார்ந்து, அவனே லேப்டாப்பில் ஒன்றைச் செய்தான். பழைய சாம்ப்ளர்களின் கரகரப்பை அச்சாகத் தரும் மென்பொருள் இருந்தது. அவள் இசையைப் பக்கத்தில் ஓடவிட்டு வரிக்கு வரி ஒத்துப்பார்த்தான். தொடக்கத்தில் அவள் மேசையிலிருந்த டேபிள் ஃபேனை வைத்தான். சுற்றுகிற ஃபேனை நிறுத்தினால் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, கடைசியில் இறக்கை கம்பியில் ஒருமுறை உரசி டிக் என்று ஓயும். அந்த டிக்கிலிருந்து தாளம் பிறக்கும். அதை டைரக்டருக்கு அனுப்பினான். கூடவே ஒரு வரி: டிஸ்க்ல இருந்தது சார்.

அரைமணியில் பதில் வந்தது. 'தங்கச்சி கை தெரியுது. வேற யாருக்கும் இது வராது.' அவளை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அன்றிலிருந்து அவனுக்குப் பயம். படத்தில் ஏழு இசைத் துண்டுகள். ஆறு அவளுடையவை. ஏழாவது பொய். ஏழாவதின் சாயம் வெளுத்தால் மற்ற ஆறையும் யார் நம்புவார்கள்? எல்லாமே புருஷன் லேப்டாப்பில் தட்டியது, செத்தவள் பெயரைச் சொல்லி விற்கிறான் என்பார்கள். அவளிடமிருந்து மிச்சம் இருப்பது அந்த ஆறுதான். அதுவும் அவன் கையாலேயே போகும்.

போன வாரம் டைரக்டர் போன் செய்தார். அந்த மெஷினில் அந்த டிஸ்க் ஓடுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்றார். முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் அவன் வாயில் வரவில்லை.

மச்சான்தான் வழி கண்டுபிடித்தார். திரையில் வரும் எழுத்துகளைக் கண்ணாடித் தாளில் அச்சடித்து ஒட்டினார். பின்னாலிருந்து வெளிச்சம் வர, டிஸ்க் வாய்க்குள் ஒரு பேனா டார்ச்சைச் சொருகினார். அறையின் ஒரு பக்கம் எதிரொலிக்காமல் இருக்கத் தொங்கிய கனத்த திரைக்குப் பின்னால் லேப்டாப்போடு அவர் உட்காருவார். இவன் பொத்தானைத் தட்டியதும் அவர் இசையை ஓட்ட வேண்டும்.

ஒத்திகையில் மூன்று முறையும் தாமதம்.

"மச்சான், நான் தட்டி அரை மணி நேரம் கழிச்சு வருது."

"நான் பேனர் அடிக்கிறவன் மாப்ள. தாளம் அடிக்கிறவன் இல்ல. தட்டும்போது லேசா இருமுங்க."

நாலாவது முறை இருமினான். சரியாக வந்தது.

"இதுல இன்னொரு வசதி," என்றார் மச்சான். "டைரக்டருக்கு உங்க மேல பரிதாபமும் வரும்."

அவன் சிரிக்கவில்லை. உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான்.

பத்தே முக்காலுக்கே வாசல் மணி அடித்தது. மச்சான் திரைக்குப் பின்னால் பாய்ந்தார். கதவைத் திறந்தால் டைரக்டர் தனியாக நிற்கிறார். கேமரா இல்லை, ஆள் இல்லை.

"கேமராமேன் வரலையா சார்?"

"வருவான், வருவான். நீ போட்டுக் காட்டு தம்பி. டீயெல்லாம் வேண்டாம்."

ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. உட்காரச் சொன்னால் உட்காராமல் அறையைச் சுற்றிவரும் ரகம். மேசை அருகே நின்றார். ஃபிளாப்பி டப்பாவைப் பார்த்தார். ஃபேனை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். இறக்கை கம்பியில் உரசி, டிக்.

"இதுதானா அது?"

"ஆமா சார்."

"சரி. போடு."

அவன் இருமிவிட்டுப் பொத்தானைத் தட்டினான். ஃபேன் சத்தம் அறையில் எழுந்தது. தணிந்தது. டிக். தாளம். டைரக்டர் கண்ணை மூடிக் கேட்டார்.

"இன்னொரு தடவ."

இருமினான். தட்டினான். இந்த முறை டைரக்டர் கண்ணை மூடவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிக் வந்ததும் தலை நிமிர்ந்தார்.

"பதினாலு," என்றார்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை.

"ஃபேன் ஓயறதுக்கு பதினாலு செகண்ட் ஆகுது தம்பி. இந்தப் பெட்டிக்குள்ள மொத்தமே பத்துதான் போகும். மீதி நாலை தங்கச்சி எங்க வெச்சா? இடுப்புல முடிஞ்சு வெச்சாளா?"

அவன் கை பொத்தான் மேலேயே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. பத்து செகண்ட் என்று எத்தனை வருடம் அவளைக் கேலி செய்திருக்கிறான். வாயால்தான் கேலி செய்தான். விரலுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவன் விரல் பழகிய லேப்டாப்பில் சத்தத்துக்கு நீளம் ஒரு பொருட்டே இல்லை.

"சில பேர் சத்தத்தை வேகமா ஓடவிட்டு எடுத்து, அப்புறம் மெதுவா இழுத்துத் தட்டுவாங்க," என்றான்.

"தட்டுவாங்க. நானே தட்டியிருக்கேன். டைரக்டர் ஆகறதுக்கு முன்னாடி ஆறு வருஷம் மேடையில இந்தப் பெட்டியோடதான் பொழப்பு. அப்படி இழுத்தா ஃபேன் சத்தம் பூதம் மாதிரி கனத்துப்போகும். இது கனக்கல. ஒரு இடத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டலாம்னா, ஓய்ஞ்சுக்கிட்டே போற சத்தத்துல எந்த இடத்தைத் திருப்புறது?" குனிந்து மெஷினின் திரையை உற்றுப்பார்த்தார். நகத்தால் கண்ணாடித் தாளின் ஓரத்தை நெம்பினார். அது பாதி உரிந்து தொங்கியது. "திரைக்குப் பின்னாடி இருக்கிறவரும் வெளிய வரலாம். புழுக்கமா இருக்கும்."

மச்சான் வந்தார். "வணக்கம் சார்," என்றார். வேறு என்ன சொல்ல முடியும்?

டைரக்டர் அவரைப் பார்க்கவில்லை. "தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மத்த ஆறும்?"

எது நடக்கக்கூடாது என்று நாலு மாதமாகப் பயந்தானோ, அது இரண்டே வார்த்தையில் வந்துவிட்டது.

"அது அவ சார். ஆறும் அவதான். சத்தியமா." வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. "நான் வெறும் மிக்ஸ்தான் பண்ணினேன். இது மட்டும்தான் நான். மெஷினை நான்தான் எரிச்சேன். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம நேரா சுவத்துல செருகிட்டேன். டிஸ்க்ல என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது. இவர்கிட்டகூட சொல்லல."

"தானா நின்னுடுச்சுன்னு சொன்னீங்களே மாப்ள?"

"பொய் சொன்னேன்."

மச்சான் கதவருகே இருந்த இரும்புப் பெட்டியை முதல் முறையாகப் பார்ப்பது போல் பார்த்தார். "அதைத் தூக்கி அங்க வெச்சது நான்தான்," என்றார் மெதுவாக. "வெயிட்டா இருந்துச்சேன்னு."

டைரக்டர் மெஷினை முன்பக்கமாகச் சாய்த்து, முதுகைத் தடவினார். ஒயர் சேரும் இடத்தின் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்பு மூடி. சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து மூடியின் வெட்டில் வைத்துத் திருகினார். உள்ளிருந்து விரல் நீளம்கூட இல்லாத கண்ணாடிக் குழாய் ஒன்று வந்தது. வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே கறுத்துப்போயிருந்தது.

"ஃபியூஸ்," என்றார். "மேடையில ரெண்டு தடவ இதே வேலையை நான் பண்ணியிருக்கேன். இந்தப் பெட்டி வெச்சிருக்கிற எவனும் ஒரு தடவையாவது பண்ணியிருப்பான். தங்கச்சியும் பண்ணியிருப்பா. உங்கிட்ட சொல்லியிருக்க மாட்டா." நாணயத்தைப் பையில் போட்டார். "ஆனா ஃபியூஸ் முந்திக்கிச்சா, உள்ள இருக்கிறது முந்திக்கிச்சான்னு போட்டுப் பாத்தாதான் தெரியும்."

மச்சான் குழாயைக் கையில் பொத்திக்கொண்டு படியிறங்கினார். எலக்ட்ரிக் கடை தெருமுனையில்தான். போய்வரப் பத்து நிமிஷம்.

அந்தப் பத்து நிமிஷம் நகரவே இல்லை. டைரக்டர் சன்னலோரம் நின்று கீழே பார்த்தார். எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஒருவர் தண்ணீர்த் தொட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மாதம், என்று அவன் நினைத்தான். ஒரு நாணயத்தை வைத்துத் திருகியிருந்தால் தெரிந்திருக்கும். திருகாமல் இருந்ததற்கு அவனிடம் காரணம் கேட்டால் என்ன சொல்வான்? திருகியிருந்தால், அது செத்துவிட்டது என்றும் தெரிந்துபோயிருக்கலாம். திருகாதவரை செத்தது செத்ததாகாது.

"எப்ப கண்டுபிடிச்சீங்க சார்?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? எடிட்டர்தான் புலம்பினான். ஷாட்டு பதினோரு செகண்ட், முன்னாடி வர்ற ஃபேன் பதினாலு, எங்க சார் வைக்கிறதுன்னான். வாலை வெட்டி ஒட்டினான். ஃபேன் ஓயவே இல்ல, திடுதிப்புன்னு தாளம் வருது. அசிங்கமா இருந்துச்சு. அப்புறம்தான், பதினாலா, அது எப்படின்னு உறைச்சது." திரும்பாமலே பேசினார். "நல்லா இல்லைன்னா கோபமே வந்திருக்காது தம்பி. நீ மெஷின்ல பண்ணினா எனக்கென்ன, லேப்டாப்புல பண்ணினா எனக்கென்ன. நான் அதைக் கேட்டு அழுதேன். அவளை நினைச்சு அழுதேன். உன்னை நினைச்சு அழ வேண்டியதை அவ கணக்குல அழுதுட்டேன்."

படியில் மச்சான் மூச்சிரைக்கும் சத்தம். "நாலு வாங்கிட்டேன். எதுக்கும் இருக்கட்டும்."

முட்டுக்கட்டையாக இருந்த இரும்புப் பெட்டியை அவனே தூக்கிவந்தான். ஏழு மாதமாகத் திறந்தே இருந்த அறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. டார்ச்சை உருவி எடுத்தான். கண்ணாடித் தாளை முழுக்க உரித்தான். டைரக்டர் ஃபியூஸைத் திருகினார். டிரான்ஸ்ஃபார்மரைச் சுவரில், மெஷினை டிரான்ஸ்ஃபார்மரில் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே செருகினான். மெஷினின் ஸ்விட்சில் விரலை வைத்தான். விரல் அமுக்க மறுத்தது.

"நான் போடவா மாப்ள?"

"வேண்டாம்."

போட்டான்.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரை மங்கலாக, தூக்கம் கலையாத கண் மாதிரி, மெல்லத் திறந்தது. டிஸ்க் போடு என்று கேட்டது.

நீலத்தை எடுக்கக் கை போனது. டைரக்டர் தடுத்தார். "முதல்ல தெரிஞ்ச ஒண்ணு போடு. வாய் சரியா இருக்கான்னு பார்ப்போம்."

எட்டாம் நம்பர் ஃபிளாப்பியைப் போட்டான். கடகடவென்று உள்ளே ஏதோ அரைத்தது. நின்றது. முதல் பொத்தானைத் தட்டினான். லிஃப்ட் கதவு சாத்தியது. இரண்டாவது, பென்சில். மூன்றாவது, குடை. படத்தின் முதல் காட்சியில் வரும் சத்தங்கள். டைரக்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வந்ததிலிருந்து இப்போதுதான் உட்காருகிறார்.

"அவதான்," என்றார்.

அவன் எட்டாம் நம்பரை உருவி எடுத்தான். இன்னும் நீலம் இருந்தது.

அதை உள்ளே தள்ளினான். மெஷின் அரைத்தது. நிறுத்தி யோசித்தது. மறுபடி அரைத்தது. எட்டாம் நம்பர் இவ்வளவு நேரம் எடுக்கவில்லை. கெட்டுவிட்டதா? டப்பாவை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்திருந்தோமா? ஸ்பீக்கர் காந்தம் ஃபிளாப்பியை அழித்துவிடும் என்று அவள் எத்தனை முறை கத்தியிருக்கிறாள். மச்சான் அவன் தோளைப் பிடித்தார். தோள் வலித்தது.

திரையில் எழுத்து வந்தது. மூவரும் குனிந்தார்கள்.

"என்ன சொல்லுது?" என்றார் மச்சான். கண்ணாடியைக் கடையில் மறந்துவிட்டு வந்திருந்தார்.

டைரக்டர்தான் வாசித்தார். "புது டிஸ்க்காம். இதுவரைக்கும் இதுல எதுவுமே எழுதினதில்லையாம். எழுதறதுக்குத் தயார் பண்ணட்டுமான்னு கேக்குது."

"அப்படின்னா?"

"அப்படின்னா உங்க தங்கச்சி மேல எழுதி ஒட்டினதோட சரி. உள்ள ஒண்ணும் பண்ணல."

மச்சான் விளங்காமல் நின்றார். டைரக்டரின் முகம் ஒரு மாதிரி கோணியது. அழப்போகிறார் என்று அவன் நினைத்தான். அவர் சிரித்தார். "முடிஞ்சிருச்சு சார், மிக்ஸ் மட்டும்தான் பாக்கி! எத்தனை பேருகிட்ட எத்தனை வருஷமா நானே இந்த டயலாக்கைச் சொல்லியிருக்கேன். இவளைப் போய் நம்பிட்டேனே."

அவனுக்கும் வாயோரம் இழுத்தது. ஒரு கணம்தான். பிறகு பழைய கலக்கம் வேறு பக்கமாகத் திரும்பி வந்தது. இதுவரை பிடிபடுவோமோ என்ற பயம். இப்போது அவள் எங்கும் இல்லை, இந்த டிஸ்க்கிலும் இல்லை. அவன் செய்தது மட்டும்தான் இருக்கிறது.

டைரக்டர் எழுந்தார். "டைட்டில்ல ஆறுக்கு அவ பேரு. ஏழாவதுக்கு உன் பேரு."

"சார், வேண்டாம். அவ பேரே இருக்கட்டும்."

"எழுதாததுக்கு அவ பேரைப் போட்டா எழுதினதையும் ஒருத்தனும் நம்ப மாட்டான். அதுக்குத்தானே இவ்வளவு நாளா நடுங்கின?" செருப்பை மாட்டிக்கொண்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள சுருக்கிக் கொடு. ஷாட் பதினோரு செகண்ட், அவ்வளவுதான். டிக் முழுசா இருக்கணும். எந்த இடத்தை வெட்டுவியோ, எதுல வெட்டுவியோ, அது உன் பாடு."

அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்தது. மச்சான் மிச்சமிருந்த மூன்று ஃபியூஸையும் மேசையில் வரிசையாக வைத்தார். திரை இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆமா, இல்ல. இரண்டு பொத்தான்.

"எடுத்து வெச்சிடலாமா மாப்ள? தங்கச்சி கையெழுத்து இருக்கே."

லேப்டாப்பில் வெட்டினால் இரண்டு நிமிஷ வேலை. வெட்டியதும் கிடக்கும், வெட்டாததும் கிடக்கும், நாளைக்கு மனது மாறினால் மாற்றிக்கொள்ளலாம். அவன் நீல டிஸ்க்கின் மேலிருந்த எழுத்தை வாயின் இடுக்கு வழியாகப் பார்த்தான். பாதிதான் தெரிந்தது.

ஆமா என்பதை அமுக்கினான்.

மெஷின் கடகடத்தது. அது முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு மைக்கை எடுத்து மெஷினில் செருகினான். ஃபேனுக்குக் கீழே ஒரு புத்தகத்தை வைத்து மட்டம் பார்த்தான்.

"ஃபேனைப் போடுங்க மச்சான். நான் தலையாட்டினதும் நிறுத்துங்க. நிறுத்தி நாலு செகண்ட் போனப்புறம்தான் நான் எடுப்பேன்."

"அந்த நாலு?"

"போகட்டும்."